எந்த அரை இஞ்சு?

வள்ளியூரிலோ அஞ்சுகிராமத்திலோ ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய், “அண்ணாச்சி, அரை இஞ்சு பைப் டேப் ஒண்ணு குடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். அவசரக் கடைக்காரர் கையில் கிடைத்ததை எடுத்து மேசையில் வைத்துவிடுவார். தொழில் தெரிந்த அண்ணாச்சி கொஞ்சம் நிதானித்து, “எந்த அரை இஞ்சு தம்பி?” என்று கேட்பார். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றித்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கூடங்குளம் வட்டாரத்தில் ஃபிட்டராகவோ, பிளம்பராகவோ, கருவிப் பிரிவு டெக்னீஷியனாகவோ வேலை தேடும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

டேப் என்றதும் தண்ணீர்க் குழாயும் டெஃப்ளான் சுருளும் நினைவுக்கு வரும். நான் சொல்வது, உலோகத் துளைக்குள் மரை வெட்டும் கருவி. பைப்பின் வெளிப்புறம் மரை போட டை செட் இருக்கிறது, அது வேறு கதை. வால்வு உடல், பம்பு மூடி, மானிஃபோல்டு பிளாக், கப்ளிங் இவற்றின் உள்பக்கத்தில் மரை வேண்டுமென்றால் டேப்தான். டையில் தப்பு செய்தால் போவது ஓரடி பைப். டேப்பில் தப்பு செய்தால் வால்வே போய்விடும். அதனால்தான் டேப்பைத் தேர்ந்தெடுப்பதில் இத்தனை கவனம் வேண்டியிருக்கிறது.

நாலு நாட்டு மரை கூடும் ஊர்

திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் வட்டத்தின் இந்தக் கடலோர மூலையில் எத்தனை நாட்டு மரைகள் புழங்குகின்றன என்பதை வேலைக்கு வந்த பிறகுதான் பலர் உணர்கிறார்கள். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தத்திலிருந்து வளர்ந்தது கூடங்குளம் அணுமின் நிலையம். முதல் அலகுக்கு 2002 மார்ச்சில் கான்கிரீட் போட்டார்கள். 2013 அக்டோபரில் அது மின்தொடரில் இணைந்தது, இரண்டாம் அலகு 2016 ஆகஸ்டில் இணைந்தது. 3, 4-ஆம் அலகுகளுக்கு 2017-லும், 5, 6-க்கு 2021-லும் அடித்தளக் கான்கிரீட் விழுந்தது. ஒவ்வொன்றும் 1000 மெகாவாட், எல்லாமே ரஷ்ய வடிவமைப்பு. ரஷ்ய வடிவமைப்பு என்றால் ரஷ்யத் தர எண்களும் அந்நாட்டு மரைகளும் கூடவே வரும்.

ஒரு மணி நேரப் பயணத்துக்குள் முப்பந்தல், ஆரல்வாய்மொழி காற்றாலைகள். அங்கே ஐரோப்பிய வடிவமைப்பில் வந்த இயந்திரங்களின் ஹைட்ராலிக் பிளாக்குகளில் பெரும்பாலும் இணைமரை இருக்கும். பிரஷர் டிரான்ஸ்மிட்டரும் மானிஃபோல்டு வால்வும் எந்த ஆலைக்குப் போனாலும் அமெரிக்க என்.பி.டி. மரையோடுதான் அதிகம் வருகின்றன. இதற்கு நடுவே நம் வீட்டு ஜி.ஐ. பைப், தீயணைப்பு லைன், தோட்டத்து மோட்டார் எல்லாம் பிரிட்டிஷ் வழி வந்த பி.எஸ்.பி. மரை. காலையில் ஒன்றும் மாலையில் இன்னொன்றும் கையில் வரக்கூடிய ஊர் இது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அணுமின் நிலையம் என்றால் எல்லாக் குழாயும் மரை போட்டு மாட்டியது என்று நினைத்துவிடாதீர்கள். முக்கியமான குழாய்கள் வெல்டிங் செய்யப்பட்டவை. மரை வருவது கருவி இணைப்பு, காற்று லைன், மசகெண்ணெய், ஹைட்ராலிக், துணைத் தண்ணீர் லைன், கேபிள் கிளாண்டு போன்ற இடங்களில். ஆனால் ஒரு பிளான்டில் அப்படிப்பட்ட இடங்களுக்குக் குறைவே இல்லை.

அரை இஞ்சில் அரை இஞ்சு எங்கே?

வெர்னியரை எடுத்து ஓர் அரை இஞ்சு ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டத்தை அளந்தால் 21.3 மி.மீ. காட்டும். அரை இஞ்சு என்பது 12.7 மி.மீ. அல்லவா? ஒரு காலத்தில் உள்விட்டத்தை வைத்துப் பேர் சொன்னார்கள். பிறகு பைப்பின் கனம் மாறியது, ஃபிட்டிங் பொருந்த வேண்டுமே என்று வெளிவிட்டத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். பேரும் நிலைத்துவிட்டது. ஆகவே பைப் மரையில் இஞ்சுக் கணக்கு வெறும் பெயர்தான். துளையை அளந்து, “12.7 இல்லையே, இது அரை இஞ்சு கிடையாது” என்று சொல்கிற புதுப் பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் பிழையில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கும் உருப்படிகளைப் பார்ப்போம். பிரிட்டிஷ் மரை, 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த 55 டிகிரிக் கோணத்தைப் பின்பற்றுகிறது. முகடும் பள்ளமும் உருண்டையாக இருக்கும். இதில் இரண்டு வகை. நேராக ஓடும் இணைமரைக்கு வரைபடத்தில் ஜி என்று போடுவார்கள். கூம்பாகக் குறுகும் சரிவு மரைக்கு வெளிமரையானால் ஆர், உள்மரையானால் ஆர்சி. அழுத்தம் தாங்க வேண்டிய ஆர் வகைக்கு நம் இந்தியத் தரம் ஐ.எஸ். 554, ஜி வகைக்கு ஐ.எஸ். 2643. அமெரிக்க என்.பி.டி.யும் சரிவு மரைதான், ஆனால் கோணம் 60 டிகிரி, முகடு தட்டையாக வெட்டியிருக்கும்.

ரஷ்யாவிலும் இந்தக் குடும்பங்கள் உண்டு. இணைமரைக்கு ரஷ்யத் தரம் கோஸ்ட் 6357, 55 டிகிரிச் சரிவு மரைக்கு கோஸ்ட் 6211, 60 டிகிரிச் சரிவு மரைக்கு கோஸ்ட் 6111. கடைசியாகச் சொன்னது என்.பி.டி.க்கு மிக நெருங்கிய உறவு. வரைபடத்தில் அதற்கு ‘கே’ என்ற எழுத்து. பழைய சோவியத் வரைபடங்களில் ஒரு பொறி இருக்கிறது. ‘கே’ மட்டும் இருந்தால் 60 டிகிரி. ‘கே’யோடு ‘த்ரூப்’ என்ற சுருக்கமும் ஒட்டியிருந்தால் அது 55 டிகிரிக் குழாய் மரை. த்ருபா என்றால் ரஷ்ய மொழியில் குழாய். அந்த நாலு எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் டேப் மாறிவிடும்.

இது போதாதென்று, ரஷ்ய அழுத்தமானிகள் பலவும் எம் 20, 1.5 பிட்ச் மெட்ரிக் மரையோடு வருகின்றன. எம் 20-இன் வெளிவிட்டம் 20 மி.மீ., ஜி அரை இஞ்சின் வெளிவிட்டம் 20.955 மி.மீ. ஒரு மி.மீ.கூட வித்தியாசம் இல்லை, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குப் பிடிபடாது. கேபிள் கிளாண்டிலும் இதே எம் 20 புழங்குவதால் ஸ்டோரில் இந்த டேப் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கும். எடுத்து ஓட்டிவிடக் கூடாது.

அரையும் முக்காலும்தான் ஆள் கவிழ்க்கும்

மற்ற சைஸ்களில் மரை எண்ணிக்கையே உங்களைக் காப்பாற்றிவிடும். கால் இஞ்சிலும், பழைய மேஸ்திரிகள் மூணு நூல் என்று சொல்லும் 3/8-லும் பி.எஸ்.பி.க்கு இஞ்சுக்கு 19 மரை, என்.பி.டி.க்கு 18. அரைக்கால் இஞ்சில் 28-க்கு 27. ஒரு இஞ்சில் 11-க்கு பதினொன்றரை. தப்பான ஜோடியைத் திருகினால் ஓரிரு சுற்றில் முரண்டு பிடிக்கும், நாமும் சந்தேகப்பட்டு நிறுத்துவோம்.

அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்குமே 14 மரை. அங்கேதான் மோசம் போகிறோம்.

பயிற்சி முடித்த புதிதில் ஒரு சிறிய பட்டறையில் இருந்தேன். வார்ப்பிரும்பு பிளாக் ஒன்றில் அரை இஞ்சு மரை வெட்டி, வந்திருந்த நிப்பிளை மாட்ட வேண்டும். பெட்டியில் இருந்த அரை இஞ்சு பி.எஸ்.பி. சரிவு டேப்பை எடுத்து, நன்றாக எண்ணெய் விட்டு, அழகாக வெட்டினேன். நிப்பிள் என்.பி.டி. என்று எனக்குத் தெரியாது. மூன்று சுற்று சுகமாக ஏறி, கையிறுக்கத்திலேயே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நல்ல மரை என்று நம்பினேன். பிரஷர் டெஸ்டில் ஒழுகியது. டெஃப்ளானைக் கூடுதலாகச் சுற்றி மறுபடி ஏற்றினேன், மறுபடி ஒழுகியது. ரெஞ்சின் கைப்பிடியில் ஒரு பைப்பைச் செருகி, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். மெல்லிய சத்தத்தோடு பிளாக்கின் ஓரம் விரிந்தது. சரிவு மரை ஓர் ஆப்பு. வார்ப்பிரும்புக்கு இழுவிசை தாங்கும் குணம் குறைவு. ஆப்படித்து விறகு பிளப்பது போல நான் அதைப் பிளந்துவிட்டேன். 55 டிகிரிப் பள்ளத்துக்குள் 60 டிகிரி முகடு முழுதாக உட்காராது. ஓரத்தில் சுருள் சுருளாக ஒரு சந்து இருந்துகொண்டே இருக்கும், எவ்வளவு இறுக்கினாலும் அந்த வழியாகத் தண்ணீரோ காற்றோ வெளியே வரும். இது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட பழக்கத்தை எல்லோருக்கும் சொல்கிறேன். ஜி அரை, ஆர் அரை, என்.பி.டி. அரை, எம் 20 × 1.5 என நான்கு பித்தளைப் பிளக்குகளை வாங்கி, தலையில் ஆளுக்கொரு வண்ணப் புள்ளி வைத்து, ஒரு கம்பியில் கோத்துக்கொள்ளுங்கள். கால் இஞ்சுக்கும் அப்படியே ஒரு கொத்து. உங்கள் கருவிப் பெட்டியில் இதைவிடப் பயனுள்ள பொருள் அதிகம் இருக்காது. ஒரு பிளக்கின் மரையை எதிரே உள்ள ஃபிட்டிங்கின் மரையோடு பக்கவாட்டில் பொருத்தி வெளிச்சத்தில் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மீதி விடைக்கு வெர்னியரும் பிட்ச் கேஜும். வெளிமரையின் விட்டத்தை இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். சரிவு மரையில் சரிவு 16-க்கு 1. அதாவது 16 மி.மீ. நீளம் நகர்ந்தால் விட்டம் ஒரு மி.மீ. மாறும். மாறவில்லை என்றால் இணைமரை. அடுத்து பத்து மரையின் நீளம்: 14 மரைக் குடும்பத்தில் 18.1 மி.மீ. வரும், எம் 20 × 1.5-இல் சரியாக 15 மி.மீ. இந்த இரண்டே அளவில் நான்கு உருப்படிகளில் இரண்டு தனியாகப் பிரிந்துவிடும். மிச்சமிருக்கும் 55-ஆ 60-ஆ என்பதற்கு பிட்ச் கேஜின் இரண்டு வகை இலைகளையும் வைத்துப் பாருங்கள், முகடு உருண்டையா தட்டையா என்று லென்ஸிலும் பாருங்கள். தேய்ந்த பழைய மரையில் இது கஷ்டம். அப்போது அந்தக் கருவியின் பெயர்த்தகடும் வரைபடமும்தான் துணை.

சரி, டேப்பை எடுப்போம்

முதல் கேள்வி: ஒழுகாமல் தடுக்கப்போவது எது, மரையா வாஷரா? இதற்கு விடை தெரிந்தால் இணைமரை டேப்பா சரிவு டேப்பா என்பது தானாகத் தெரிந்துவிடும். ஜி இணைமரை தானாக அழுத்தம் தாங்காது. மரை இழுத்துப் பிடிக்கும், தடுப்பது முகப்பில் உள்ள செம்பு வாஷரோ, ரப்பர் ஒட்டிய வாஷரோ, ஓ-ரிங்கோதான். ஆகவே ஜி துளை வெட்டும்போது மரை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் முகப்பு. துளைக்குச் செங்குத்தாக, கீறலில்லாமல் இருக்க வேண்டும். காற்றாலை ஹைட்ராலிக் பிளாக்கில் ஜி கால் இஞ்சுத் துளைக்குள் ஆர் சரிவு நிப்பிளை டெஃப்ளான் சுற்றித் திணித்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். தண்ணீர் லைனில் ஒப்பேறும். ஹைட்ராலிக் அழுத்தத்தில் அது செய்யக் கூடாத வேலை.

கடையில் கேட்கும்போது ஒரு சொல்லில் ஜாக்கிரதையாக இருங்கள். சாதாரணக் கை டேப் மூன்று சேர்ந்த செட்டாக வரும். அதில் முதல் டேப்பின் முனை நீளமாகச் சரிந்திருப்பதால் அதற்கே ‘டேப்பர் டேப்’ என்று பெயர். அது வெட்டுவது நேரான மரைதான். சரிவு மரை வெட்டும் டேப் வேறு. அது ஒற்றையாகவே வரும், உடல் முழுதும் கூம்பாக இருக்கும். “டேப்பர் டேப் குடுங்க” என்று கேட்டு, செட்டின் முதல் டேப்பை வாங்கிப்போய்த் தலையில் கைவைத்தவர்கள் உண்டு. “பி.எஸ்.பி. சரிவு மரை, அரை, 14 மரை” என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். தண்டில் பொறித்திருப்பதை நீங்களே ஒருமுறை படியுங்கள். வெறுமனே பி.எஸ்.பி. என்று மட்டும் பொறித்திருந்தால் இணையா சரிவா என்று வெர்னியர் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

டேப்பின் உலோகம் அடுத்த விஷயம். ஹெச்.எஸ்.எஸ். என்ற பொறிப்பு இல்லாத மலிவு கார்பன் ஸ்டீல் டேப் பித்தளைக்கும் அலுமினியத்துக்கும், எப்போதாவது ஒரு முறை வீட்டு வேலைக்கும் போதும். தினப்படி மைல்டு ஸ்டீலுக்கு ஹெச்.எஸ்.எஸ். வேண்டும். சென்னை ஆடிசன், டோட்டம் போன்ற நம் நாட்டுப் பிராண்டுகளே நன்றாகக் கிடைக்கின்றன. 304, 316 ஸ்டெயின்லெஸ் என்றால் கோபால்ட் கலந்த ஹெச்.எஸ்.எஸ். வாங்கித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். ஒரு டேப்பில் மிச்சம் பிடிக்கும் பணம், துளைக்குள் முறிந்த டேப்போடு நிற்கும் ஒரு வால்வின் விலைக்கு ஈடாகாது.

சரிவு டேப் ஏன் இவ்வளவு முரட்டுத்தனமாக இழுக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி முறிவு தவிரும். நேரான டேப்பில் முனையில் உள்ள சில பற்கள்தான் வெட்டும், பின்னால் வருபவை வழிகாட்டும். சரிவு டேப்பில் துளைக்குள் இருக்கும் அத்தனை பல்லும் ஒவ்வொரு சுற்றிலும் வெட்டிக்கொண்டே இருக்கும். ஆழம் கூடக் கூடச் சுமையும் கூடும். ஸ்டெயின்லெஸ் போன்ற இழுவை உலோகத்தில் இதற்கென்றே ஒன்று விட்டு ஒன்றாகப் பல் நீக்கிய டேப் இருக்கிறது. உராய்வு குறையும், எண்ணெய் உள்ளே போக வழி கிடைக்கும். துளையையும் 16-க்கு 1 சரிவு ரீமரால் முன்னதாகக் கூம்பாக்கிவிட்டால் டேப்புக்கு வேலை பாதியாகும். ரீமர் இல்லாத பட்டறையில் இரண்டு மூன்று டிரில் பிட்டால் படிப்படியாகத் துளைப்பார்கள். நல்ல பழக்கம்தான்.

நேரான மரைக்குத் துளை ஊடுருவிப் போகிறதா, அடி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஊடுருவும் துளைக்கு, வெட்டிய உலோகச் சுருளை முன்னே தள்ளும் முனைச்சுருள் டேப், அடைத்த துளைக்குச் சுருளை மேலே இழுக்கும் சுருள்வழி டேப். வார்ப்பிரும்பில் சுருளே வராது, தூள்தான் வரும். அங்கே நேர்வழி டேப்பே சரி.

டிரில் பிட்டில் கால் மி.மீ. கணக்கு

அரை இஞ்சுக் குடும்பத்தில் ரீமர் இல்லாமல் வெட்ட வழக்கமாக எடுக்கும் டிரில்: ஆர்சிக்கும் என்.பி.டி.க்கும் 18.25 மி.மீ., எம் 20 × 1.5-க்கு 18.5, ஜி-க்கு 19. கால் இஞ்சில் என்.பி.டி. 11.1, ஆர்சி 11.2, ஜி 11.8. டேப் கம்பெனியின் அட்டவணையில் பத்தில் ஒன்று இரண்டு முன்னே பின்னே இருக்கலாம், கையிலுள்ள டேப்பின் அட்டவணைப்படி போங்கள். இதிலிருந்து ஒரு நடைமுறைப் புத்தி கிடைக்கிறது. எந்த மரை என்று உறுதியாகாத நிலையில் துளை போட்டே ஆக வேண்டிய நெருக்கடி வந்தால் 18-க்கு மேல் போகாதீர்கள். சிறியதைப் பெரிதாக்கலாம். 19 போட்டுவிட்டால் சரிவு மரைக்குச் சதை இல்லாமல் போய்விடும்.

இன்னொன்று, கனம். ஆர் அரை இஞ்சு மரைக்குப் பயன்படும் நீளமே 13 மி.மீ.க்குச் சற்று மேல். ஆறு மி.மீ. தகட்டுத் தொட்டியில் நேரடியாகச் சரிவு மரை வெட்டச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். துளையில் ஒரு ஹாஃப் கப்ளிங் வைத்து வெல்டிங் செய்வதே சரியான வேலை. “முடியாது, ஆனால் இப்படிச் செய்யலாம்” என்று சொல்லத் தெரிந்த ஃபிட்டரை எந்த சூப்பர்வைசரும் மறக்கமாட்டார்.

வெட்டும்போது டேப்பைச் செங்குத்தாக நிறுத்தி, முதல் இரண்டு சுற்றில் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். மைல்டு ஸ்டீலில் ஒரு சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே. ஸ்டெயின்லெஸில் தயங்கித் தயங்கி உரசக் கூடாது. உரசிய இடம் இறுகிக் கெட்டியாகி, அடுத்த சுற்றில் டேப்பையே தின்னும். சீராக, விடாமல், எண்ணெயோடு ஓட்டுங்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், வார்ப்பிரும்பும் பித்தளையும் பெரும்பாலும் உலர்வாகவே. மெஷினில் ஓட்டினால் சரிவு டேப்புக்கு நேர் டேப்பின் வேகத்தில் பாதி போதும்.

எங்கே நிறுத்துவது? சரிவு டேப் துளைக்குள் போகப் போகத் துளை விரிந்துகொண்டே இருக்கும். தண்டு வரைக்கும் இறக்கிவிட்டால் ஃபிட்டிங் தோள் முட்டும் வரை கையாலேயே போய் உட்காரும், ஆப்பு பிடிக்க இடமிருக்காது. கேஜ் இருந்தால் கேஜ். இல்லையென்றால் நல்ல ஃபிட்டிங் ஒன்றை அடிக்கடி மாட்டிப் பாருங்கள். அரை இஞ்சில் கையால் நாலு, நாலரைச் சுற்று ஏறி நின்றால் சரி. மிச்ச இறுக்கம் ரெஞ்சுக்கு.

கேட்டுக்குள் போனால்

பட்டறையில் கற்ற சில பழக்கங்களை அணுமின் நிலையத்தின் கேட்டுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். வெளியே ஸ்டெயின்லெஸ் வெட்டக் கந்தகமும் குளோரினும் சேர்ந்த எண்ணெய் அருமையாக வேலை செய்யும். உள்ளே அதே எண்ணெயை ஸ்டெயின்லெஸ் குழாய் மேல் விடக் கூடாது. குளோரைடு மிச்சமிருந்தால் சூட்டிலும் இழுவிசையிலும் ஸ்டெயின்லெஸில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடும். அதனால்தான் அணுமின் நிலையங்களில் வெட்டு எண்ணெய், சீலன்ட், உலோகத்தின் மேல் எழுதும் மார்க்கர் பேனா வரைக்கும் அங்கீகரித்த பட்டியல் வைத்திருப்பார்கள். டெஃப்ளானும் அப்படித்தான். கதிர்வீச்சில் அது சிதைந்து ஃபுளோரின் கக்கும். எந்த லைனுக்கு எந்த சீலன்ட் என்று வேலைத்தாளில் பார்க்காமல் பையில் இருக்கும் டெஃப்ளான் சுருளை எடுக்காதீர்கள்.

அடுத்தது சுருள். டேப் வெட்டிய ஒரு சிறு இரும்புச் சுருள் குழாய்க்குள் விழுந்தால், அது எங்கே போய்ச் சிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வால்வின் இருக்கையிலோ பம்பின் பேரிங்கிலோ போய் உட்காரலாம். துளைக்குக் கீழே அடைப்பு வைப்பது, கிரீஸ் தடவிய டேப்பில் சுருளைப் பிடிப்பது, உறிஞ்சு குழாய் வைப்பது, உள்ளே கொண்டுபோன கருவிகளை எண்ணி வெளியே கொண்டுவருவது எல்லாம் அதற்காகத்தான். ஊதி விடுவது கூடவே கூடாது. ஊதினால் சுருள் உள்ளேதான் போகும்.

டேப் முறிந்தால் உடனே சொல்லுங்கள். இதை நான் மன்றாடிக் கேட்கிறேன். புதிதாகச் சேர்ந்த பையனுக்குப் பயம் இருக்கும், சம்பளம் பிடிப்பார்களோ, பாஸ் போய்விடுமோ என்று. முறிந்த துண்டை உளியால் தட்டிச் சிதறடித்து மறைத்துவிடலாம் என்று தோன்றும். சிதறிய ஒவ்வொரு துண்டும் கெட்டியான கருவி எஃகு. முறிந்த டேப்பை எக்ஸ்ட்ராக்டரால் எடுக்கலாம், மின்பொறி அரிப்பு மெஷினால் கரைத்தும் எடுக்கலாம். மறைத்த துண்டை எடுக்கத்தான் வழி கிடையாது. உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பையன் டேப் முறித்துவிட்டு வந்து சொன்னால் அவனைத் திட்டாதீர்கள், மேஸ்திரிமாரே. திட்டினால் அடுத்த முறை அவன் சொல்லமாட்டான்.

வேலைக்கு வழி

பேட்டை அரசு ஐ.டி.ஐ.யிலோ நாகர்கோவில் கோணம் ஐ.டி.ஐ.யிலோ ஃபிட்டர், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்தவர்களுக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. அப்ரண்டிஸ் ஒரு வாசல். அணுமின் கழகமும் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகமும் அறிவிப்பு விட்டு எடுப்பார்கள். கழகத்தின் உதவித்தொகைப் பயிற்சி டெக்னீஷியன் பணி இரண்டாவது வாசல். எழுத்துத் தேர்வுகளைத் தாண்டியதும் கைத்திறன் தேர்வு உண்டு. மூன்றாவது, நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலோர் நுழைவது, கான்ட்ராக்டர் வழி. அங்கே சான்றிதழைப் பார்த்துவிட்டு, ஒரு பிளாக்கையும் ஒரு ஃபிட்டிங்கையும் கையில் கொடுத்து “இதுக்கு மரை போடு” என்பார்கள்.

அப்போது நேரே டேப்பை எடுக்காதீர்கள். ஃபிட்டிங்கை அளந்து பாருங்கள், வரைபடம் கேளுங்கள், லைனில் என்ன ஓடுகிறது, எவ்வளவு அழுத்தம் என்று கேளுங்கள். தேர்வு வைப்பவர் பெரும்பாலும் மரையின் அழகைவிட இந்தக் கேள்விகளைத்தான் எதிர்பார்த்து நிற்பார். நான் ஆள் எடுக்க உட்கார்ந்த நாட்களில் அப்படித்தான் செய்திருக்கிறேன். ஒரு பெண், இரண்டு வருடம் முன்பு ஐ.டி.ஐ. முடித்தவர், நான் நீட்டிய நிப்பிளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், இது என்.பி.டி., நீங்க வச்சிருக்க டேப் பி.எஸ்.பி., இதுக்கு இது சேராதுலா?” என்று கேட்டார். அதற்கு மேல் அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

சொந்தமாக வாங்க வேண்டியவை ஒரு வெர்னியர், 55-க்கும் 60-க்கும் பிட்ச் கேஜ், நான் சொன்ன பித்தளைக் கொத்து. டேப்பும் டிரில் பிட்டும் கான்ட்ராக்டர் தரட்டும். ஒரு நோட்டும் போடுங்கள். எந்த இயந்திரத்தில் எந்த மரை இருந்தது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. ஷட்டவுன் நேரத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டோரில் எதை எடுப்பது என்று எல்லோரும் முழிக்கும்போது அந்த நோட்டு பேசும். நிலையத்துக்குள் செய்த வேலையைப் பற்றிய குறிப்பை வெளியே கொண்டுவர அனுமதி இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடற்காற்று ஊரில் டேப்பை வெறும் டப்பாவில் போட்டு வைத்தால் ஒரு மழைக்காலத்துக்குள் துருவேறி வெட்டுமுனை மழுங்கிவிடும், தண்டிலுள்ள பொறிப்பும் படிக்க முடியாமல் போகும். வேலை முடிந்ததும் பிரஷ்ஷால் சுருளை நீக்கி, எண்ணெய் தடவி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஒன்றோடொன்று உரசினால் பல் உடையும். காகிதத்தின் மேல் மரையின் பெயர், கோணம், டிரில் அளவு மூன்றையும் பெரிதாக எழுதுங்கள். தண்டில் பித்தளைக் கொத்தில் வைத்த அதே வண்ணப் புள்ளியை வையுங்கள், என்.பி.டி.க்கு ஒரு நிறம், பி.எஸ்.பி. சரிவுக்கு ஒரு நிறம். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.